வடக்கின் நரகம் – பகுதி 8: சுரங்கத்தின் தலைமேல் ஒரு பாதை

இதுவரை…

வடபிரான்ஸின் ரூபே நகரத்து ஜவுளி ஆலை முதலாளிகள் இருவர், தாங்கள் கட்டிய சைக்கிள் மைதானத்துக்குக் கூட்டம் சேர்க்க 1896-ல் தொடங்கி வைத்த வசந்தகாலப் பந்தயம், பாரிஸ்–ரூபே. பாதை பார்க்கப் போன விக்தோர் பிரேயே, மழையில் நனைந்து சேறும் நடுக்கமுமாக ரூபே வந்து சேர்ந்தார். பந்தயமே வேண்டாம் என்று தந்தி கொடுக்க நினைத்தவர், குளித்துச் சாப்பிட்டதும் மனம் மாறினார். முதல் உலகப்போர் அந்த நிலத்தைக் குதறிப் போட்டது. போர் முடிந்து பாதை பார்க்கப் போனவர்கள் கண்ட காட்சியிலிருந்துதான் ‘வடக்கின் நரகம்’ என்ற பெயர் பந்தயத்தோடு ஒட்டிக்கொண்டது. 1919-ல் ஆன்ரி பெலிசியே 280 கிலோமீட்டரைக் கடந்து ரூபே சேர 12 மணி 15 நிமிடம் ஆனது. சென்ற வாரம், 1949-ல் ஒரே பந்தயத்துக்கு இரண்டு வெற்றியாளர்களை அறிவிக்க நேர்ந்த கதையைப் பார்த்தோம்.

இந்த வாரம் பதினைந்து ஆண்டுகள் தாண்டுகிறோம்.

* * *

1964 ஏப்ரல். நெதர்லாந்தின் பீட்டர் போஸ்ட் ரூபே மைதானத்தில் முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினார். 265 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 45.129 கிலோமீட்டர்.

பெலிசியேயின் சராசரி 22.857. நாற்பத்தைந்து ஆண்டுகளில் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது.

பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். போஸ்ட் பெரிய வீரர். அன்று காற்றும் முதுகுப் பக்கமிருந்து தள்ளியது. சைக்கிள்கள் இலகுவாகியிருந்தன, கியர் மாற்றும் கருவி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் அந்த எண்ணை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. நரகத்தைக் கடக்கும் வேகமா இது?

இந்த 45.129-ஐ வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை இன்னொருவர் தாண்டுவதற்கு 53 ஆண்டுகள் ஆயின. 2017-ல் பெல்ஜியத்தின் கிரெக் வான் அவர்மாட், மணிக்கு 45.2 கிலோமீட்டர் என்ற மயிரிழை வித்தியாசத்தில்தான் தாண்டினார். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் இரும்புச் சட்டம் போய் அலுமினியம் வந்தது, அதுவும் போய் கார்பன் வந்தது. பயிற்சி முறைகள் அடியோடு மாறின. மற்ற பந்தயங்களில் வேகம் ஏறிக்கொண்டே போனது. இந்தப் பந்தயத்தில் மட்டும் 1964-ன் கணக்கு அசையவில்லை.

1967-க்கும் 1968-க்கும் இடைப்பட்ட ஓராண்டில் என்ன நடந்தது என்று தெரிந்தால் காரணம் புரிந்துவிடும்.

* * *

பாரிஸ்–ரூபே என்றதும் நம் மனத்தில் எழும் படம், கருங்கல் பாவிய வயல்வழியில் சேற்றைப் பூசிக்கொண்டு வரும் முகங்கள். ஆரம்பகாலத்தில் யாரும் அந்த வழிகளைத் தேடிப் போகவில்லை. பந்தயம் நெடுஞ்சாலையில்தான் ஓடியது. அந்த நாட்டில் அன்று நெடுஞ்சாலையே அப்படித்தான் இருந்தது. சுரங்கத்திலிருந்து நிலக்கரி வண்டிகளும், வயலிலிருந்து சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கை ஏற்றிய வண்டிகளும் ஓடும் பூமி. களிமண். மழையில் மண்சாலை சக்கரத்தை விழுங்கிவிடும் என்பதால் கல் பாவினார்கள். பந்தயக்காரர்கள் முடிந்த இடத்தில் எல்லாம் கல்லை விட்டு இறங்கி, ஓரத்து நடைபாதையிலோ மண்தடத்திலோ ஓட்டிப் பிழைத்தார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸ் தன்னைத் திருப்பிக் கட்டியது. சாலைகளுக்குத் தார் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு கல் குறைந்தது. 1960-களின் நடுவில், முழுப் பந்தயத்திலும் மிஞ்சியிருந்த கற்பாதை இருபது சொச்சம் கிலோமீட்டர்தான்.

இதில் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு. பந்தயம் நேரலையில் வீடுகளுக்குள் வர ஆரம்பித்ததும் வடக்கத்திய ஊர்களின் மேயர்களுக்குச் சங்கடம் வந்தது. ஆண்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் தங்கள் ஊரைப் பார்க்கிறது. பார்ப்பது எதை? குண்டும் குழியுமான தெருவை, சாக்கடை போன்ற சேற்றை. ‘நரகம்’ என்று அறிவிப்பாளர் உற்சாகமாகச் சொல்லும்போது, அங்கே குடியிருப்பவருக்கு எப்படி இருக்கும்? பந்தயம் வரப்போகிறது என்று தெரிந்தாலே அவசரமாகத் தார் போட்டுவிடும் ஊர்கள் இருந்தன.

அந்த மேயர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷத்தில் 364 நாள் அந்தச் சாலையில் போகிறவர்கள் அவர்களுடைய மக்கள். டிராக்டர் ஓட்டும் விவசாயிக்கு அச்சு முறிகிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் முழங்கால் சேற்றோடு பள்ளிக்குப் போகிறார்கள். மிதித்துப் பார்க்க வந்துவிட்டு மாலையில் பாரிஸுக்கு ரயில் ஏறுகிறவருக்கு அந்தக் கல் அழகு. அதன்மேல் வாழ்கிறவருக்கு அது வறுமையின் அடையாளம். இந்த முரண்பாட்டை மறந்துவிட்டு பாரிஸ்–ரூபேயின் வரலாற்றை எழுத முடியாது.

ஆனால் கல் போனால் பந்தயமும் போய்விடும் என்பதும் உண்மை.

* * *

அது 1967-ல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

ரூபே மைதானத்துக்குள் ஒரு கும்பலே சேர்ந்து நுழைந்தது. கடைசி நூறு மீட்டர் வேக ஓட்டத்தில் நெதர்லாந்தின் யான் யான்சன் வென்றார். இரண்டாவது, பெல்ஜியத்தின் ரிக் வான் லோய். மூன்றாவது, ஜெர்மனியின் ரூடி அல்டிக்.

மூவருமே உலக சாம்பியன் பட்டம் பெற்றவர்கள். வெற்றிக்குத் தகுதியில்லாதவர் என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. குறை பாதையில் இருந்தது. இந்தப் பந்தயத்தின் இயல்பே ஆளை ஆளாகக் கழித்துக்கொண்டே வருவது. பஞ்சர் ஒருவரை நிறுத்தும், சறுக்கல் ஒருவரைத் தள்ளும், கை மரத்துப்போய் ஒருவர் பின்தங்குவார். மைதானத்தின் வாசலுக்கு வரும்போது ஒருவரோ இருவரோதான் மிச்சம் இருப்பார்கள். கும்பலாக வந்து கடைசியில் முந்துவதற்கு எத்தனையோ பந்தயங்கள் இருக்கின்றன. அதற்கு எதற்கு ரூபே?

பந்தயத்தை நடத்தியவர் ஜாக் கோதே. லெக்கிப் விளையாட்டு நாளிதழின் ஆசிரியர், டூர் டி பிரான்ஸின் இயக்குநர். பிரெஞ்சு சைக்கிள் உலகில் அவர் சொல்லுக்கு மறுசொல் அரிது. அவர் ஆல்பெர் பூவே என்பவரை அழைத்தார்.

பூவே முன்னாள் வீரர். 1956-ல் பாரிஸ்–தூர் பந்தயத்தை வென்றவர். கால் நின்ற பிறகு பந்தயம் நடத்தும் குழுவில் சேர்ந்துவிட்டார். கோதே அவருக்குக் கொடுத்த வேலை, தார் விழாத பாதையைக் கண்டுபிடித்து வருவது.

இங்கே ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். எழுபது ஆண்டுகளாக இந்தப் பந்தயம் இருந்த சாலையில் ஓடியது. கஷ்டம் தானாக வந்தது. இனி அப்படி இல்லை. நெடுஞ்சாலை இனிமேல் நல்ல சாலை. கஷ்டம் வேண்டுமென்றால் அதைத் தேடிப் போக வேண்டும், வரைபடத்தில் குறிக்க வேண்டும், ஊர்க்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். கோதே அன்று எடுத்த முடிவு, பழைய பந்தயத்தின் பெயரில் ஒரு புதிய பந்தயத்தையே உண்டாக்கியது என்பது என் கருத்து.

* * *

பூவே கிழக்கே திரும்பினார். வலான்சியென் நகரைச் சுற்றிய நிலக்கரிப் பூமி. அங்கே தேட அவருக்குத் துணை கிடைத்தவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்: ழான் ஸ்டாப்ளின்ஸ்கி.

இந்தத் தொடரில் வரும் மனிதர்களில் நான் மிகவும் நேசிப்பவர் இவர். பெற்றோர் போலந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதல் உலகப்போருக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் தவித்த பிரெஞ்சுச் சுரங்கங்களுக்கு ஆயிரமாயிரமாகப் போலந்துக் குடும்பங்கள் வந்து இறங்கின. அந்த அலையில் வந்த வீடு. 1932-ல் பிறந்தார். குடும்பப் பெயர் ஸ்தாப்லெவ்ஸ்கி. பத்திரிகைக்காரர் ஒருவர் பிழையாக எழுதியதால் ஸ்டாப்ளின்ஸ்கி ஆனதாகச் சொல்வார்கள். மீசை அரும்பும் வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கினார்.

சைக்கிள்தான் அவரை மேலே கொண்டுவந்தது. 1958-ல் ஸ்பெயின் நாட்டுச் சுற்றுப்பந்தயம். நான்கு முறை பிரெஞ்சு தேசிய சாம்பியன். 1962-ல் இத்தாலியின் சாலோவில் உலக சாம்பியன். இத்தனைக்கும் அவர் தன் காலத்தின் பெரும்பகுதியைச் சைக்கிள் உலகின் மாமன்னர் ழாக் ஆங்க்தீலுக்குத் துணைவீரராக உழைத்தே கழித்தார். பந்தயத்தின் போக்கை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதில் அவருக்கு நிகர் அந்தத் தலைமுறையில் குறைவு.

பூவே தேடும் பாதை எங்கே இருக்கிறது என்று ஸ்டாப்ளின்ஸ்கிக்குத் தெரியும். அவர் வேலை பார்த்த சுரங்கத்துக்குப் பக்கத்துக் காட்டில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் நிலக்கரி வெட்டிய இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது.

* * *

ஆரன்பெர்க் இடைவழி.

வாலேர் என்ற ஊரின் ஓரத்தில், சுரங்கத்தின் தூக்குக் கோபுரங்களைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. ரேம்–சென்ட் அமான்–வாலேர் காடு. அதன் நடுவே கத்தியால் கீறியதுபோல நேராக ஒரு வழி. நீளம் சுமார் 2,400 மீட்டர். ஒரு வளைவு கிடையாது. முதலாம் நெப்போலியன் காலத்தில் கல் பாவியது என்பார்கள்.

சுரங்கம் தோண்டிய பூமி என்பதால் அங்கே தரை அமிழும். வழிக்குப் பக்கத்திலேயே, நிலம் உள்வாங்கி நீர் தேங்கிய பெரிய குளம் ஒன்று இன்றும் இருக்கிறது.

கற்களைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கோயில் பிராகாரத்தில் பாவிய கல்லைப்போல மட்டமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பனங்காய்களை நெருக்கிப் புதைத்து வைத்ததுபோல ஒவ்வொன்றும் தனித்தனியாக முதுகு தூக்கி நிற்கிறது. ஒன்று உயரம், பக்கத்தது பள்ளம். இடுக்குகளில் புல். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்திருப்பதால் வெயில் சரியாக விழாது. பாசி காயாது. மழையே இல்லாத நாளிலும் கல் வழவழக்கும். வழியின் நடுப்பகுதி மேடு தட்டி, ஓரங்கள் சரிந்து மண்ணில் இறங்குகின்றன.

இதன்மேல் சைக்கிள் ஓட்டுவதற்குத் தனி வித்தை வேண்டும். நுழையும் முன்பே வேகம் எடுத்தாக வேண்டும். உள்ளே போன பிறகு வேகம் கூட்ட முடியாது. வேகம் குறைந்தால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக இடிக்கும். வேகம் இருந்தால் சக்கரம் கல்லின் தலையைத் தொட்டுத் தொட்டுத் தாவும். கனமான கியரில், இருக்கையில் உட்கார்ந்தபடி, விடாமல் மிதிக்க வேண்டும். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தால் முழங்கைவரை அதிர்ச்சி ஏறும். தளர்த்திப் பிடித்தால் கை நழுவும். நடு மேட்டில் போவது உத்தமம், அதில் ஈரம் இருந்தால் சறுக்கும். ஓரத்து மண்ணில் இறங்கினால் மென்மை, ஆனால் அங்கேதான் கூர்க்கற்கள் ஒளிந்திருக்கும். பஞ்சர் ஆனால் மாற்றுச் சக்கரம் கொண்டுவர வேண்டிய கார் எங்கேயோ பின்னால் சிக்கியிருக்கும்.

பூவே எடுத்து வந்த படங்களைப் பார்த்த கோதே முதலில் தயங்கினாராம். கல் பாவிய சாலையைத்தானே கேட்டோம், இவர் சேற்றுக் குழியைக் கொண்டுவந்திருக்கிறாரே என்ற கவலை. வீரர்கள் எலும்பை முறித்துக்கொள்வார்கள் என்ற பயமும் இருந்திருக்கும். அந்தப் பயம் வீணில்லை என்பதைப் பின்னாள் வரலாறு கொடூரமாகவே காட்டியது. 1998-ல் இதே வழியில் விழுந்த யோகான் முசேயு முழங்கால் சில்லு நொறுங்கி, புண் புரையோடி, காலையே இழக்கும் நிலைக்குப் போனார். அதற்கு உரிய இடத்தில் வருவோம்.

தயங்கிய கோதே கடைசியில் சம்மதித்தார்.

* * *

1968 ஏப்ரல் 7, ஞாயிறு.

பந்தயம் முதன்முறையாக ஆரன்பெர்க் காட்டுக்குள் நுழைந்தது.

அன்று ஓடியவர்களில் ஒரு பெல்ஜிய இளைஞர். வயது 22. மார்பில் உலக சாம்பியனுக்குரிய வானவில் பட்டை. ஏழு மாதங்களுக்கு முன் நெதர்லாந்தின் ஹீர்லனில் யான் யான்சனை அவருடைய சொந்த நாட்டிலேயே, சொந்த மக்கள் முன்னிலையில் தோற்கடித்து அந்தச் சட்டையை வாங்கியவர். பெயர் எடி மெர்க்ஸ். இத்தாலியப் பந்தயம், பிரெஞ்சுப் பந்தயம் என்று பின்னால் அவர் குவிக்கப்போகிற வெற்றிகளில் பெரும்பாலானவை இன்னும் வரவில்லை. மூன்று வாரம் ஓடும் பெரும்பந்தயம் ஒன்றைக்கூட அதுவரை அவர் வென்றதில்லை.

காட்டுவழியின் நோக்கமே கும்பலைக் கலைப்பதுதான். அதைச் செய்தது. அதற்குப் பிறகும் கற்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பூவே தேடிச் சேர்த்த வயல்வழிகள். 1967-ல் ஒன்றாகவே ரூபேவுக்குள் நுழைந்த கூட்டம் இந்த முறை நூல் நூலாகப் பிரிந்தது.

கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். மெர்க்ஸும் இன்னொரு பெல்ஜியரான ஹெர்மன் வான் ஸ்பிரிங்கெலும். வான் ஸ்பிரிங்கெல் பேசாத மனிதர், எளிதில் உதிராத மனிதர். அதே ஆண்டு ஜூலையில் டூர் டி பிரான்ஸை யான்சனிடம் வெறும் 38 நொடியில் இழக்கப்போகிறவர். துரதிர்ஷ்டம் என்பதற்கு அந்த ஆண்டில் ஒரு முகம் இருந்தால் அது அவருடையது.

மைதானத்தின் சிமெண்டுத் தளத்தில் இருவரும் முன்னும் பின்னுமாக வட்டமிட்டார்கள். வேக ஓட்டத்தில் மெர்க்ஸ் முந்தினார். மூன்றாவதாக இன்னொரு பெல்ஜியர், வால்டர் கோடஃப்ரோட், பின்னால் வந்து சேர்ந்தார்.

மெர்க்ஸுக்கு ரூபேயில் அது முதல் வெற்றி. 1970-லும் 1973-லும் மீண்டும் வென்றார். மெர்க்ஸ் என்ற பெயர் இந்தப் பந்தயத்தின் பட்டியலில் ஏறிய அதே நாளில் ஆரன்பெர்க் என்ற பெயரும் ஏறியது. இரண்டில் எது அதிக காலம் பேசப்படும் என்று அன்று யாரையாவது கேட்டிருந்தால், ஒரு காட்டுவழியைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோதே எதிர்பார்த்தது நடந்துவிட்டது. கும்பல் கலைந்தது. வலியவர் இருவர் மட்டும் வாசலுக்கு வந்தார்கள். நரகம் திரும்பக் கிடைத்தது.

ஸ்டாப்ளின்ஸ்கிக்கு அந்த வழி வேறொரு பெருமை. பாரிஸ்–ரூபே ஓடியவர்களிலேயே அதன் மேலே சைக்கிள் மிதித்தவரும் அதன் அடியில் நிலக்கரி வெட்டியவரும் அவர் ஒருவர்தான் என்பார்கள். 2007-ல் அவர் காலமானார். காட்டுவழியின் வாசலில் அவருக்கு ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். அந்த மரியாதை அவருக்குத் தகும். பந்தயம் பிறந்தது ஆலை முதலாளிகளின் பணத்தில், வளர்ந்தது பத்திரிகை முதலாளிகளின் ஆதரவில். அது சாகக் கிடந்தபோது காப்பாற்றிய வழியைக் காட்டியவர் ஒரு சுரங்கத் தொழிலாளி. பாரிஸில் உட்கார்ந்து வரைபடத்தை எத்தனை நாள் விரித்துப் பார்த்திருந்தாலும் அந்த வழி அகப்பட்டிருக்காது. அந்த மண்ணில் கரி படிய உழைத்தவருக்குத்தான் அது தெரியும்.

* * *

ஆனால் கதை இங்கே சுபமாக முடியவில்லை.

காடு பந்தயக்காரர்களுக்குச் சொந்தமில்லை. வனத்துறைக்குச் சொந்தம். ஏப்ரல் ஞாயிறுகளில் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்த கூட்டம் மரத்தடிகளை மிதித்துத் துவைத்தது. வனத்துறைக்குப் பொறுக்கவில்லை. 1974-லிருந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆரன்பெர்க் வழி பந்தயத்துக்கு மூடப்பட்டது.

காட்டுக்கு வெளியிலும் நிம்மதி இல்லை. பூவே கண்டெடுத்த வயல்வழிகள் பொக்கிஷங்கள் என்று ஊராட்சிகளுக்கு யார் சொல்வது? பந்தயம் போன மறுமாதமே தார் வண்டி வந்த ஊர்கள் உண்டு. ஒரு வழி போனால் இன்னொன்றைத் தேட வேண்டும். தேடத் தேட, மிச்சம் இருப்பவை குறைந்துகொண்டே வந்தன. போதாக்குறைக்கு, நினைவுப் பொருளாகக் கல்லைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போகும் ரசிகர்களும் கிளம்பினார்கள். நேசித்தவர்களின் கையாலும் பாதை கரைந்தது.

நிலக்கரியின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. சுரங்கங்கள் ஒன்றொன்றாக மூடின. 1989-ல் ஆரன்பெர்க் சுரங்கமே நின்றுபோனது.

இன்றைய பந்தயத்தில் 55 கிலோமீட்டர் அளவுக்குக் கற்பாதை இருக்கிறது. 1960-களின் நடுவில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெயர்ந்த கல்லைத் தேடிப் பொருத்துகிறார்கள், வரப்போரப் புல்லைச் செதுக்குகிறார்கள், தார் போடத் துடித்த அதே ஊர்களே இப்போது கல்லைப் பாதுகாக்கிறோம் என்று பெருமை பேசுகின்றன. தங்கள் வாசல் கல்லைக் கண்டு கூசி நின்ற மேயர்களின் மனத்தை மாற்றியது யார்? எதைச் சொல்லி மாற்றினார்கள்?

(அடுத்த வாரம்…)